மருந்து என்று நான் சொன்னது

ஜூலை 3
என் நுரையீரலில் வெட்டி எடுத்த கட்டி புற்று இல்லையாம். நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்துக் கல்தூசு கட்டிய தழும்பாம். இதைத்தானே இத்தனை வருஷமாகக் கத்தினேன்? எந்த டாக்டர் கேட்டான்? காசநோய் மாத்திரையே கொடுத்தான்கள்.

ஜூலை 5
வெட்டியதில் ஒரு துண்டை, என் சம்மதத்தோடு, பெங்களூரு லேபில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்யும் மமதா போனில் விளக்கினாள். மயிரைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயால், மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே, ஒரே இடத்தில் மட்டும் புரதம் விடுவார்களாம். எனக்கா புரியாது? டிரில் முனையில் தண்ணீர் விட்டுத் தூசை அடக்குவோமே, அதேதான். மருந்து வந்துவிட்டது! ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் பழைய கூட்டாளி சகாயத்திடம் சொன்னேன். அவன் அண்ணன் ஜெயகரன் ஆக்சிஜனோடு கிடக்கிறான், இதே தூசுதான். சகாயம் என் கையை விடவே இல்லை.

ஜூலை 7
ஜெயகரனுக்கு எப்போது போடுவீர்கள் என்று மமதாவைக் கேட்டேன். "ஐயா, இது மருந்து இல்லைங்க. செல் இன்னா பண்ணுதுன்னு பார்க்கிறதுக்கு."

பார்க்கிறதுக்கா? வேடிக்கை பார்க்க என் சதைதான் கிடைத்ததா? தூக்கி எறி என்றேன்.

பாப்பம்மா விடவில்லை. "ஊரெல்லாம் மருந்துன்னு தமுக்கு அடிச்சது நீ. அந்தப் பொண்ணு மேல இன்னாத்துக்கு எகிர்றே?" கட்டியவளும் அவர்கள் கட்சி.

ஜூலை 8
வியாழக்கிழமை ஜெயகரனைப் பெங்களூருக்குக் கொண்டுபோக சகாயம் வண்டி பேசிவிட்டான். அந்த உடம்பு தாங்குமா? மருந்து இல்லை என்று சொல்லவில்லை நான்.

ஜூலை 9
தையல் பிரித்ததும் லேபுக்குப் போனேன், நிறுத்தச் சொல்லத்தான். மமதா படம் ஓட்டிக் காட்டினாள். புரதம் விட்ட இடத்தில் மட்டும் ஒரு செல் அசைந்தது. நகர்ந்து போய்க் கல் துகளை விழுங்கியது. வீங்கியது. வெடித்தது. துகள் அப்படியே கிடந்தது. இன்னொரு செல் அதே துகளை விழுங்க வந்தது — எனக்குள்ளே இத்தனை வருஷமாக இதுவா நடந்தது?

"ஏன் சாகுதுன்னு தெரிஞ்சாதான் மருந்தைப் பத்தியே யோசிக்கலாம் ஐயா."
"எத்தனை வருஷம்?"
"தெரியாதுங்க. நிறுத்திடட்டா?"
"மிச்சத்தையும் பாரு" என்றேன். கோபம் தீரவில்லை.

ஜூலை 10
வண்டி வருமுன் சாம்பியன் ரீப்ஸில் ஜெயகரன் வீட்டுக்குப் போனேன். ஜெயகரனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மருந்து இல்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். சகாயம் கையை ஓங்கிவிட்டான். ஜெயகரன் மாஸ்க்கை விலக்கினான்.

"நேத்தே சொல்றதுக்கு இன்னாடா? இஸ்திரி போட்ட சட்டை... கழுத்தைப் பிடிக்குது."

பொத்தானை நான்தான் கழற்றிவிட்டேன்.