கதைக்குள் வந்த அப்பா

குமணன்சாவடி
6 ஜனவரி 2025

எழில்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

போனில் பேசினால் "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். கையெழுத்துப் புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. அம்பத்தூர் எஸ்டேட்டில் காலமெல்லாம் டிராயிங் போட்ட கை இது.

ஒரு காரியம் செய்துவிட்டேன். மூன்றாவது மாடியில் விஷால் என்று ஒரு ஐடி பையன், சொந்த ஊர் தென்காசி. லிஃப்டில் பார்த்து, "அங்கிள், உங்க பொண்ணு கதை எழுதுவாங்களாமே? எனக்கும் ஆசை. எங்க போய்க் கத்துக்கறது?" என்றான். இந்த மாதிரிக் கூட்டமெல்லாம் மயிலாப்பூர் பக்கமே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி யார் போவது? "இங்கியே நடத்திட்டாப் போச்சு" என்று வாயை விட்டுவிட்டேன்.

நேற்று அசோசியேஷன் ஹாலில் முதல் வகுப்பு. சாவடியில் தையல் கடை வைத்திருக்கும் சபீனா வந்திருந்தாள். செம்பரம்பாக்கம் குடோனில் சூப்பர்வைசராக இருக்கும் சுசீலாவும் வந்தாள். அவள் எழுதுவது துப்பறியும் கதை. முதல் பக்கத்திலேயே மேனேஜர் காலி! இன்னும் நாலைந்து பேர். எனக்குக் கதை எழுதத் தெரியாது. நாற்காலி போடத் தெரியும், கூச்சப்படுகிறவர்களைப் படிக்கவைக்கத் தெரியும். அதை வைத்தே ஓட்டினேன்.

நோட்டீஸில் "எழுத்தாளர் எழிலரசி பங்கேற்கிறார்" என்று போட்டிருக்கிறேன். லிஃப்டிலும் ஜூஸ் கடையிலும் ஒட்டியாயிற்று. பொங்கலுக்கு வந்தால் ஒரு ஞாயிறு சேர்த்துத் தங்கேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா
தட்சிணாமூர்த்தி


பெங்களூரு
14 ஜனவரி 2025

அன்புள்ள அப்பா,

பொங்கலுக்கு வர முடியவில்லை. அவருக்கு லீவு இல்லை. உங்களுக்குச் சட்டை அனுப்பியிருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறதா பாருங்கள்.

அந்த நோட்டீஸை எடுத்துவிடுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஒரு புத்தகத்தோடு எழுத்தை விட்டுவிட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதாதவள் வந்து எழுதுவது எப்படி என்று நாலு பேருக்குச் சொல்ல முடியுமா? கடைசியாக எப்போது எழுதினீர்கள் என்று யாராவது கேட்டால் நான் எங்கே பார்ப்பது?

வகுப்பு நடத்துங்கள். உங்களுக்குப் பொழுது போகும். என் பெயர் மட்டும் வேண்டாம்.

எழில்


குமணன்சாவடி
27 ஜனவரி 2025

எழில்மா,

சட்டை கச்சிதம். உன் பெயரையும் எடுத்துவிட்டேன். "அவள் வர மாட்டாள், நான் கேட்காமல் போட்டுவிட்டேன்" என்று வகுப்பில் சொன்னேன். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை.

குடியரசு தினம் என்பதால் காலையில் கொடியேற்றத்துக்குப் போட்ட நாற்காலிகள் அப்படியே கிடந்தன. அதிலேயே உட்கார்ந்தோம். விஷால் உன் புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கி வைத்திருக்கிறான். "அக்கா வராட்டி என்ன, அவங்க கதை ஒண்ணு படிக்கறேன்" என்று ஆரம்பித்துவிட்டான். ஆஸ்பத்திரிக் கதை. அம்மா போன அன்றைய கதை.

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அப்பா டீக்கடைக்குப் போயிருப்பார், அந்த நேரத்தில் உயிர் போகும். விஷால் படித்து முடித்ததும் சபீனா கொதித்துவிட்டாள்.

"இன்னா மனுசன் சார் அந்தாளு? பொண்டாட்டி சாவக் கெடக்கறா, இவனுக்கு டீ கேக்குதா?"

சுசீலா விடவில்லை. "டீ குடிச்சான்னு எங்க எழுதிக்கீதும்மா? போனான்னுதானே கீது! எதுக்குப் போனானோ, இன்னாவோ."

"எதுக்குப் போனா இன்னா? போனான்ல?"

இருவரும் அந்த ஆளை வைத்துக்கொண்டு ஒரே சண்டை. நான் ஹால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு என்னையறியாமல் சொல்லிவிட்டேன்: "அந்த ஆள் நான்தான்மா."

விஷால் புத்தகத்தைப் பைக்குள் வைக்கப் பார்த்தான். "ஏன் ஒளிக்கறே? நல்லாத்தான் படிச்சே" என்றேன். சபீனா அழுதுவிட்டாள். "மன்னிச்சுடுங்க சார்" என்றாள். மன்னிக்க என்ன இருக்கிறது? கதையில் உள்ளதைத்தானே சொன்னாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே கேட்டாள்: "நான் என் வீட்டுக்காரரைப் பத்தி எழுதினுகீறேன். எழுதலாமா, கூடாதா?"

இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நோட்டீஸில் பெயர் போடாமல், சும்மா வந்து சொல்லேன்.

அப்பா


பெங்களூரு
3 பிப்ரவரி 2025

அப்பா,

உங்கள் கடிதத்தை ஆபீசில் பிரித்துவிட்டேன். பிறகு அன்று வேலையே ஓடவில்லை.

நீங்கள் அந்தக் கதையைப் படித்ததே இல்லை என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். படித்துவிட்டு என்னை வெறுத்துவிட்டீர்கள் என்று மற்ற நாள். புத்தகத்தை உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு எழுத உட்கார்ந்தால், மேஜைக்கு எதிரே நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். மூடி வைத்துவிடுவேன். அப்படியே விட்டுப்போயிற்று.

அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது, அப்பா. என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள் என்று. அந்தக் கோபத்தில் எழுதியதுதான் அது. ஊரெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு உங்களைப் பார்க்கவே கூசியது.

சுசீலா கேட்டதை நான் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எதற்குப் போனீர்கள்?

16ஆம் தேதி ஞாயிறு வருகிறேன். சபீனாவுக்கு என்ன சொல்லப்போகிறேனோ தெரியாது. உட்கார்ந்து அவள் எழுதியதைக் கேட்கிறேன், அதுவாவது முடியும்.

எழில்


குமணன்சாவடி
8 பிப்ரவரி 2025

என் எழிலுக்கு,

வெறுப்பா! புத்தகம் கொடுத்த அன்றே, நீ பஸ் ஏறியதும் படித்துவிட்டேன். நீ அம்மாவின் கையைப் பிடித்திருந்த விதம், அந்த அறையின் மருந்து வாசனை, எல்லாம் அச்சு அசலாக இருந்தது. அதைப் போய் "நல்லா இருக்கும்மா" என்று எப்படிச் சொல்வேன்? வேறு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. நீயும் அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. உனக்குத்தான் என் மேல் கோபம் தீரவில்லை என்று நானும் இருந்துவிட்டேன்.

கேட்டதற்குப் பதில். அன்று காலையில் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, இன்றைக்குத் தாண்டாது என்று சொல்லிவிட்டார். நீ உள்ளே அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாய். டிஸ்சார்ஜ் ஆனதும் அம்மாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போவேன் என்றாய். அவளும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். உன் எதிரில் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் என் முகமே சொல்லிக்கொடுத்திருக்கும். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வராமல் கீழே இறங்கினேன். இவ்வளவு சீக்கிரம் போய்விடுவாள் என்று நினைக்கவில்லை.

இது உனக்குத் தெரியாது. தெரியாததை நீ எப்படி எழுதியிருக்க முடியும்? உன் கதை உன் பக்கத்தில் சரிதான், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

இதையும் எழுதிக்கொள். இல்லை, இரு. இதை நான் எழுதுகிறேன். "நீங்களும் எழுதுங்க சார்" என்று சுசீலா போன ஞாயிறே பேனா வாங்கிக் கொடுத்துவிட்டாள். நீ வேறு ஏதாவது எழுது.

பூந்தமல்லியில் இறங்கு. நான் வந்து நிற்கிறேன்.

உன் அப்பா