வஜ்ஜிரம் காயாத பெட்டி

ஐப்பசி 18, வியாழன் இரவு.

அவனியாபுரத்தில் கொட்டகை போட்டிருக்கும் டாக்கீஸ் முதலாளி, வளைந்த ஒலிபெருக்கிப் பெட்டி வேண்டுமென்று முதலில் என்னிடம்தான் கேட்டார். மரம் அப்படி வளையாது என்று நானே சொல்லி அனுப்பினேன். பக்கத்துப் பட்டறைக் கருப்பையா வளைத்துவிட்டான். மெல்லிய தேக்குத் தகடுகளை வஜ்ஜிரப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சின்மேல் வளைத்துக் கயிற்றால் இறுக்கியிருக்கிறான். முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நாளா எங்கய்யா இருந்த?" என்றாராம்.

இன்று குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். ஓரமெல்லாம் நகத்தால் கீறிப் பார்த்தேன். ஒரு தகடுகூடத் தூக்கவில்லை. வயிறு எரிந்தது.

"அண்ணே, முதலாளி காலையில வண்டி அனுப்புறாராம். கயித்த இப்பவே அவுத்துரவா?" என்று கேட்டான்.

மூன்று நாளாக அடைமழை. இந்த ஈரத்தில் பசை இறுக இன்னும் இரண்டு நாளாவது வேண்டும். பசை விஷயம் எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நம்பித்தான் கேட்டான்.

"ம், அவுத்துரு" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதாண்ணே."

உடனே முடிச்சில் கை வைத்தான். நான் நின்று பார்க்காமல் நனைந்துகொண்டே வந்துவிட்டேன்.

சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வளைத்த மரம் நிமிரத்தான் பார்க்கும். விடிவதற்குள் தகடுகள் வாய் பிளந்துவிடும். ஏன் இப்படி ஆனது என்று கேட்டு அவன் முதலில் ஓடி வரப்போவது என்னிடம்தான்.