நீங்கள் கை வைக்க மறுத்த நாள்

துரைசாணி அம்மா,

இன்று காலை லயத்து வீட்டில், எங்கள் காம்பராக் கதவின் கீலை மாற்றினேன். கழற்றிய திருகாணிகளில் ஒன்றுகூட நேராக இல்லை. அன்று அவ்வளவு அவசரமாக அந்தக் கதவைப் பிடுங்கினோம். என் மனைவியை அதன்மேல் படுக்க வைத்துத்தான் லொறியில் ஏற்றினோம். நீங்கள் உங்கள் ஊரில் காலமான செய்தியைப் போன வாரம் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா சொன்னார். சொல்ல வேண்டியதை இப்படியாவது எழுதுகிறேன்.

மேனேஜருக்கு அடுத்தவரான சின்னத்துரையைக் கட்டிக்கொண்டு நீங்கள் ஹட்டனுக்கு இந்தப் பக்கம் வந்த புதிதில், தேயிலைத் தோட்டமே உங்களைப் பற்றித்தான் பேசியது. மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. வெறும் கையாலேயே முதுகைச் சரிசெய்கிறீர்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவின் பின்கட்டில், தச்சன் செய்து தந்த நீள பெஞ்சில் ஆட்களைக் குப்புறப் படுக்க வைப்பீர்கள். விரலால் முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தடவி வந்து, ஓரிடத்தில் நின்று, சட்டென்று ஒரு அழுத்து. ‘டொக்’ என்று சத்தம் வரும். கணக்கப்பிள்ளையின் பிடித்துக்கொண்ட கழுத்து மறுபடி திரும்பியது அப்படித்தான். பள்ளிக்கூட வாத்தியாரான நான்தான் பக்கத்தில் நின்று உங்கள் இங்கிலீஷைத் தமிழாக்குவேன்.

மழைக்காலத்தில் ஒருநாள், கொழுந்துக் கூடையோடு என் மனைவி சரிவில் வழுக்கி விழுந்தாள். பிடிப்பு என்று நினைத்து இரண்டு நாள் எண்ணெய் தடவினோம். மூன்றாம் நாள் ஞாயிறு. நானும் என் மச்சானும் அவளைத் தாங்கி உங்களிடம் கொண்டுவந்தோம்.

அவள் முழங்காலைச் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டினீர்கள். பாதத்தில் குண்டூசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டீர்கள். பிறகு, ஒன்றுக்குப் போகிறாளா என்று கேட்கச் சொன்னீர்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

“நேத்து ராத்திரியிலிருந்து வரலைங்க. கீழே மரத்துப் போய்க் கிடக்குது” என்று அவள் அழுதாள்.

உடனே கையை எடுத்துவிட்டீர்கள். “நான் தொடாது, வாத்தியார். ஆஸ்பத்திரி. இப்பவே.”

“எல்லாருக்கும் செஞ்சீங்களே, எங்களுக்கு மட்டும் ஏம்மா?” என்று கெஞ்சினேன். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, “வெள்ளைக்காரிக்கு இவளைத் தொட அருவருப்பா இருக்கு” என்றேன்.

நீங்கள் சுத்தியலைக் கீழே வைத்தீர்கள். அமெரிக்காவில் நான்கு வருஷம் இதற்கென்றே படித்ததாக இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னீர்கள். பிணத்தை அறுத்து எலும்பையும் நரம்பையும் படித்தீர்களாம்; எக்ஸ்ரே படம் பார்க்கப் பழகினீர்களாம்; ஆசிரியர்கள் பக்கத்தில் நிற்க, நோயாளிகளைத் தொட்டுப் பழகினீர்களாம். “அந்தப் படிப்பில் பாதி, எப்போது கை வைக்கக் கூடாது என்பதுதான். நரம்பு நசுங்கியிருக்கிறது. நான் அழுத்தினால் அவள் மறுபடி நடக்கவே மாட்டாள்” என்றீர்கள்.

மடங்காத பலகை வேண்டும் என்றீர்கள். நாங்கள் லயத்துக்கு ஓடிக் கதவோடு வந்தோம். கொழும்பு போய்ச் சேரும்வரை அந்த லொறியில், வளைவுக்கு வளைவு, அவள் இடுப்பு அசையாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி மண்டியிட்டே வந்தீர்கள். அருவருப்பு என்று சொன்ன நான், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர், “நல்ல வேளை இன்னைக்கே கொண்டாந்தீங்க. காலுக்குப் பயமில்லை” என்றார். நான் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் பக்கத்தில் நீங்களும் தரையில் உட்கார்ந்தீர்கள். அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன்.

“பங்களாவில நீ சொன்னது எனக்குப் புரிஞ்சது, வாத்தியார்” என்று சிரித்தீர்கள். “அப்ப சண்டை போட நேரம் இல்லை.”

அவள் இப்போது கூடை சுமப்பதில்லை. பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க நீங்கள் பழக்கியபடிதான் இன்றும் பிள்ளைகளைத் தூக்குகிறாள். நேற்று தேர் பார்க்க மேட்டுக் கோயிலுக்கு எனக்கு முன்னே ஏறிப்போனாள்.

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, கண்ணைச் சுருக்கிக் கரும்பலகையைப் பார்த்தும் எழுத்துக் கூட்டத் திணறினாள். முன்பென்றால் பிரம்பை எடுத்திருப்பேன். இந்த வருஷம் அவள் அப்பாவைக் கூப்பிட்டு, “இது என்னால ஆகிற காரியமில்லை. கண் டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து உரக்கப் படிக்கிறாள். என்னால் ஆகாது என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இல்லை, அம்மா.