பொரி என்னும் முயலை அனுப்ப மறுத்தது

‘முயலுக்கு வலித்தால் அது யாரிடம் போய்ச் சொல்லும்?’ என்று ஒரு குழந்தை கேட்ட கேள்விக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும் குறுந்துறை நாட்டிலிருந்து, எவ்வுயிர்க்கும் இரை அளக்கும் இறைவன் திருவருளை முன்னிட்டு, ஆற்றின் இரு கரையும் புரந்தருளும் அரசி உலகுடைநாச்சியார் திருவாய்மொழிந்தபடி ஓலைநாயகம் பொழிலன் எழுதும் ஓலை. பொன்னெயில் கோட்டைக்கு உடையவரும் மலைவழிகள் அனைத்துக்கும் காவலருமான பேரரசர் சினவேல் மாராயர் திருமுன் இது வாசிக்கப்படுக. தங்கள் நாட்டில் மழை தவறாது பெய்க. தங்கள் தொழுவங்கள் நிறைக. தங்கள் சினமும் தணிக.

உடன்படிக்கை எழுதிய நாளில் தாங்கள் எங்கள் இளவரசிக்கு ஒரு பெண் முயலைப் பரிசளித்தீர்கள். அது ஈனும் குட்டிகளில் ஒன்றை ஆண்டுதோறும் வசந்த விழாவுக்கு அனுப்பிவைப்பதே இரு நாட்டு நட்புக்கு அடையாளம் என்றும் விதித்தீர்கள். வெண்ணிறமும் சிற்றுருவமும் கண்ட இளவரசி அதற்குப் பொரி என்று பெயரிட்டாள். அந்தப் பொரிக்குத்தான் இந்தக் கார்காலத்தில் உதிரம் கண்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்த அரண்மனை மருத்துவர் நல்லசேந்தனார், கருப்பையில் கட்டி இருக்கிறது, கருப்பையோடு அதை எடுத்தால் முயல் பிழைக்கும், எடுத்தால் இனி ஈனாது, எடுக்காவிட்டால் ஈனவும் செய்யாது இருக்கவும் செய்யாது என்று ஒளிக்காமல் உரைத்தார். பொன்னெயிலைக் கேட்டுச் செய்யலாம் என்றனர் அவையோர். கேட்டு வருவதற்குள் எதைக் காப்பாற்றுவது என்று அரசி அவர்களைக் கேட்டார். அறுவை நடந்தது.

அறுவை பழுதின்றி முடிந்தது. பழுது அதன்பின் நேர்ந்தது. அதைச் செய்தவர்கள் பகைவர் அல்லர், நாங்களே. அரண்மனையில் எவர் உடலில் கத்தி பட்டாலும், அவர் எழுந்து நடக்கும்வரை மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டாமல் எல்லோரும் நோன்பிருப்பது குறுந்துறையின் வழக்கம். பொரிக்காகவும் அன்போடு அடுப்பை அணைத்தோம். நோயாளிக்கும் நோன்பு உண்டு என்பதால் அதன் கூண்டில் இருந்த புல்லையும் பக்தியோடு எடுத்துவிட்டோம். மருத்துவர் அறையில் காய்ச்சிய வெந்நீரைக் குடுவையில் ஊற்றி, துணியில் சுற்றி அணைவாக வைத்தோம். தையலை அது கடித்துவிடாதபடி வயிற்றில் மெல்லிய துணி சுற்றினோம். அதன் துணையான ஆண் முயலைத் தொலைவில் கட்டினோம். இத்தனையும் சரியாகச் செய்துவிட்டுப் பசியை மட்டும் புண்ணியம் என்று நினைத்துவிட்டோம்.

மறுநாள் கூண்டின் தரை சுத்தமாக இருந்தது. பணிப்பெண்கள் மகிழ்ந்தனர். மருத்துவர் முகம் வெளுத்தார். முயலின் குடல் ஓயாமல் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டியது, புழுக்கை விழவில்லையென்றால் அது நின்றுபோயிற்று என்று பொருள், இந்த நோன்பை எண்ணிப் பாராதது தம் தவறு என்று தலையில் அடித்துக்கொண்டார். உடனே புல் வைத்தார்கள். பொரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பற்களை நறநறவென்று கடித்தபடி கூனிக் கிடந்தது. வலித்தால் பூனை கத்தும், நாய் முனகும். முயல் தன் வலியை ஒளித்துவைக்கும். இந்த ஓலையின் தொடக்கத்தில் உள்ள கேள்வியை இளவரசிக் குழந்தை கேட்டது அப்போதுதான்.

அரசி பட்டாடையோடு தரையில் அமர்ந்தார். கொத்தமல்லித் தழையில் ஒரு கொத்தைக் கிள்ளித் தம் வாயில் இட்டு, அரண்மனை முழுவதும் பார்த்திருக்க, நறுக் நறுக்கென்று மென்றார். நோன்பு முறிந்தது. குலத்துக்கு ஆகாது என்று முதிய அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டார். அரசியார் ஆடாகிவிட்டார், இனி மடைப்பள்ளிக்கு வேலை மிச்சம் என்று சமையற்கட்டில் எவளோ சொன்னதும் அரசியின் செவிக்கு வந்தது. மெல்லுவதை அவர் நிறுத்தவில்லை. குலத்தின் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், முயலின் பசியை எழுத எனக்கு இடமில்லை என்று மட்டும் சொன்னார். நெடுநேரம் கழித்து ஒரு காது திரும்பியது. பிறகு மூக்கு அசைந்தது. பொரி ஒரே ஓர் இலையை இழுத்துக்கொண்டது. அந்தி சாய்வதற்குள் கூண்டில் கடுகு போல ஒரு புழுக்கை விழ, மருத்துவர் அதை உள்ளங்கையில் ஏந்தி முத்தைக் காட்டுவது போல அவைக்குக் காட்டினார்.

அறுவைச் செய்தி எப்படியோ தங்கள் செவிக்கு எட்ட, சில நாள் கழித்து, தையல் ஆறுமுன்னே தங்கள் தூதர் மாறங்காரியார் வந்தார். பேரரசரின் பரிசை அனுமதியின்றி மலடாக்கியது அவமதிப்பு, முயலையும் கத்தி பிடித்தவனையும் உடனே பொன்னெயிலுக்கு அனுப்புக, தவறினால் உடன்படிக்கை முறிந்தது, படை புறப்படும் என்ற தங்கள் ஆணையை ஒரு சொல் குறையாமல், வேண்டியதைவிடச் சற்று உரக்கவே அவர் வாசித்தார். அவர்மீது எங்களுக்குக் குறையில்லை. தாங்களும் அவர்மீது குறை காண வேண்டா.

இனி மறுமொழி கேட்டருள்க.

முயல் வராது. மாட்டுவண்டியின் குலுக்கல் ஒன்றே அதன் தையலைப் பிரித்துவிடும். தையல் ஆறிய பிறகும் வராது. அது இனி ஓர் அடையாளம் அன்று, ஒரு குழந்தையின் முயல். மருத்துவரும் வரமாட்டார். உயிரைக் காத்த கைக்கு விலங்கு பூட்டும் வழக்கம் பொன்னெயிலில் இருக்கலாம். அதற்கு ஆள் கொடுக்கும் வழக்கம் குறுந்துறையில் இல்லை. மலடான உயிர் அமங்கலம் என்று தங்கள் ஆணையில் எழுதியிருக்கிறது. ஈனுகின்றதா என்று விசாரித்தா இறைவன் புல்லை முளைக்க விடுகிறான் என்று அரசி கேட்கச் சொன்னார். இரு நாட்டு நட்பு ஒரு சிறு விலங்கின் வயிற்றில்தான் நிற்கிறது என்றால் அது என்றோ விழுந்துவிட்டது. நாங்கள் அறுத்ததால் விழுந்ததன்று.

படை வருமாயின் வரட்டும். எங்களிடம் யானை இல்லை. ஓடக்காரர்கள் இருக்கிறார்கள், மழைக்கால ஆறு இருக்கிறது, துறையில் முதல் ஆளாக அரசி நிற்பார். ஒரே ஒரு வேண்டுகோள்: தங்கள் யானைகளின் மணிநாவைக் கட்டிவிட்டு வரச் செய்க. பொரி இரைச்சல் கேட்டால் இரை எடுப்பதில்லை.

ஆதலால் உடன்படிக்கையிலிருந்து முயல் பற்றிய வரியைத் தங்கள் கையாலேயே நீக்கி, மற்ற வரிகளை நிலைநிறுத்துக என்பது குறுந்துறையின் கட்டளை. சிற்றரசு பேரரசுக்குக் கட்டளை எழுதலாமா என்று இந்த ஓலைநாயகம் எழுத்தாணியை நிறுத்தியபோது, வேண்டுகோள் என்று எழுதினால் மறுக்கத் தோன்றும், கட்டளை என்றே எழுதுக என்றார் அரசி.

இன்னும் ஒன்று. முயலைப் பார்க்க வேண்டும் என்று தூதர் கேட்டபோது அழைத்துச் சென்றோம். வாளையும் மிதியடியையும் யாரும் சொல்லாமலே அவர் வாயிலில் கழற்றி வைத்தார். தம் குதிரைகளும் கொம்பு ஊதுவோரும் முயலை அச்சுறுத்தக்கூடும் என்று விருந்து மாளிகையை மறுத்து, ஆற்றுக்கு அப்பால் ஈர மணலில், தூறலில், தம் ஆட்களோடு தங்கினார். அதற்கு நன்றி சொல்ல ஆள் அனுப்பியபோது, மணலில் படுப்பது தமக்குப் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவருடைய குதிரையின் முதுகில் சேணம் அழுத்திய புண் ஒன்று இருந்தது. இன்று விடியலில் அதன்மேல் வேப்பெண்ணெய் பூசி, புண்ணில் படாதபடி சேணத்தின் அடியில் மெத்தைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் செய்தது நாங்கள் அல்ல என்கிறார்கள் எங்கள் குதிரைக்காரர்கள். நாங்களும் அல்ல என்கிறார்கள் தூதரின் ஆட்கள். இவ்வாறு அறிக, இவ்வாறே ஒழுகுக என்று முடித்து, குறுந்துறையின் ஓட முத்திரை இதன்மேல் பதிக்கப்பட்டது. முத்திரை பதித்த அரசியின் விரல்களில் வேப்பெண்ணெய் மணந்தது.