இடது கையால் எழுதிய வீட்டுப்பாடம்

என் செல்ல மகளுக்கு,

அப்பாவின் முழங்கால் வலியையும் என் கண்ணையும் தள்ளிவிட்டால் நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. இரண்டாவது வேலையும் போன பிறகு, கவனம் நிற்கவில்லை, எழுத்து தடுமாறுகிறது என்று நீயாகத் தேடிப் போனாயே, அடுத்த மாதம் உன்னைப் பரிசோதிக்கப் போகும் அந்த உளவியல் நிபுணர் அம்மா புதன்கிழமை எனக்குப் போன் செய்தார். நீ எப்போது நடந்தாய், எப்போது பேசினாய், பள்ளியில் எப்படி என்று முக்கால் மணி நேரம் கேட்டார். நானும் விடவில்லை, என் பெண்ணை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஊசி கிடையாதாம், தலையில் எதையும் மாட்ட மாட்டார்களாம். இரண்டு நாள், காலையில் மும்மூன்று மணி நேரம். கட்டைகளை அடுக்க வேண்டும், எண்களைக் கேட்டுத் தலைகீழாகச் சொல்ல வேண்டும், ஒரு கதையைச் சொல்லிவிட்டு அரைமணி கழித்துக் கேட்பார்கள், கம்ப்யூட்டரில் ஒரு குறி வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும், அப்புறம் வாசிப்பதும் எழுதுவதும். போகப் போகக் கடினமாகத்தான் இருக்குமாம், எல்லோருமே ஓரிடத்தில் தடுக்கி நிற்பார்களாம், தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் இல்லையாம். முன்கூட்டியே படித்துவிட்டு வரக் கூடாதாம், நம் வீட்டில் கேள்விப்படாத சங்கதி! நன்றாகத் தூங்கி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ. களைத்தால் நிறுத்தச் சொல்லலாம். அறிக்கை வர மூன்று வாரம் ஆகும், அவரே உட்கார வைத்து விளக்குவார்.

கடைசியில் அவர், "சின்ன வயசுலேயே இந்தச் சிரமம் இருந்துச்சான்னு தெரிஞ்சாதாம்மா உறுதியாச் சொல்ல முடியும், பழைய நோட்டு இருந்தா நல்லது. ஆனா எல்லாம் மழையில நனைஞ்சு போச்சுன்னு உங்க பொண்ணு சொன்னாங்க" என்றார். பதினாலு நோட்டும் பரணில் பத்திரமாக இருக்கின்றன, போன முறை வந்தபோது நீதான் துணியில் சுற்றி வைத்தாய். எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய்.

உன் அப்பா நீ படித்த பள்ளியிலேயே கிளார்க். அவர் மகளுக்கு எழுத வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலிருந்து தள்ளிவிட்டு உன் வீட்டுப்பாடத்தை நான் எழுதினேன். பிள்ளைக் கையெழுத்துப் போல இருக்கட்டும் என்று இடது கையால். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். பரீட்சையில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறாய் என்று அடித்ததும் நான்தான். உனக்கு எதுவும் நினைவில் நிற்காது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன், நீயோ இருபத்திரண்டு வருடமாக அந்தச் சத்தியத்தை நினைவில் வைத்திருக்கிறாய்.

நேற்று நோட்டுகளை இறக்கி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான், அட்டைப்பெட்டி தேட எழுந்து போய்விட்டார். நான்காம் வகுப்பு நோட்டில் ஒரே ஒரு பக்கம் நீயே எழுதியது, எனக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம். நாலு வரி, அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அதைப் பார்த்துத்தான் உன்னை அறைந்தேன். நீ அழவில்லை, ரப்பரை எடுத்து என்னிடம் நீட்டினாய். அந்தப் பக்கத்தில் நூல் வைத்து அடையாளம் கட்டியிருக்கிறேன். பெட்டியை அப்படியே அந்த நிபுணர் அம்மாவிடம் கொடு, இந்தக் கடிதத்தையும் கொடு. அந்தச் சத்தியத்தை நான் திருப்பி வாங்கிக்கொண்டேன், இனி யாருக்காகவும் நீ எதையும் மறைக்க வேண்டாம்.

நீ நன்றாக இருப்பாய், என் தங்கமே, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடுதான். பரிசோதனைக்குப் போக உன் மூக்குக்கண்ணாடியை இப்போதே கைப்பையில் வைத்துவிடு. கீழே இருப்பதை இடது கையால் எழுதுகிறேன், நோட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

அந்த வீட்டுப்பாடத்தை எழுதியது நான். என் மகள் இல்லை.

உன் அம்மா