கதவைச் சாத்திய மத்தியானம்

புரோத்ராபூர்,
போர்ட் பிளேர்.
1967 மே, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

என் அருமை மகன் ஞானசிகாமணிக்கு அம்மாவின் முத்தங்களும் ஆசீர்வாதமும்.

நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்திலேயே பார்த்த பிறகுதான் நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத் துணிகிறேன் ஐயா, இதற்கு முந்தி எழுதியிருந்தால் அது பொய்யாகப் போயிருக்கும். போன கப்பலில் உன் கடிதம் வந்தது. அப்பா மில்லிலிருந்து திரும்பும்போது போஸ்ட் ஆபீசில் வாங்கி, பையில்கூட வைக்காமல் கையில் பிடித்தபடியே பஸ்ஸில் வந்து என் மடியில் போட்டார், பிரிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. உன் தங்கச்சி ஜெயமணிதான் பிரித்துச் சத்தமாக வாசித்தாள். அங்கே சரவாக்கில் ஆற்றில் படகு கவிழ்ந்ததும், காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்ததும், அந்த ஆற்றங்கரை ஜனங்கள் உன்னைத் தங்கள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டதும் கேட்டு அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். உன் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் துணி நனைத்துப் போட்ட அந்த அம்மாளுக்கு நான் வந்தனம் சொன்னதாக அவர்கள் பேச்சிலேயே சொல், நீதான் இப்போது கொஞ்சம் பேசப் பழகிவிட்டாயே. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. மேலே மழை பெய்திருந்தால் படகில் ஏறாதே, யார் கூப்பிட்டாலும் நாளை வருகிறேன் என்று சொல்லு, ஊழியம் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும்.

ஜெயமணிக்கு டீச்சர் டிரெயினிங் கிடைத்திருக்கிறது, ஜூலையில் மெயின்லேண்டுக்குப் போகவேண்டும், இந்த வீட்டை விட்டுப் போனால் போதும் என்கிறாள், காரணம் பின்னால் சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்தால் வாசம் பிடிக்கவில்லை என்று கழுவிவிடுகிறார். அபர்தீன் பஜார் நாகூர் கனி பாய் தன் மகள் மஸூதாவுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார், மாப்பிள்ளை நடு அந்தமான் ரங்கத்தில் துணிக்கடை. பாக்குக் கன்றுகளில் பாதி வெயிலில் கருகிவிட்டன. இந்த வருஷம் மார்ச்சில் கிணறு அடியில் சேறுகூட இல்லாமல் காய்ந்து வெடித்தது, டேங்கர் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அந்த வறட்சியை நீ மனதில் வைத்துக்கொள், ஏனென்றால் இனி எழுதப்போவது அந்த மார்ச்சில் நடந்தது. இதை நீ பகலில், நாலு பேர் நடமாடுகிற இடத்தில் உட்கார்ந்து வாசி.

ஜனவரியில் நீ எழுதிய கடிதம் எங்களை ரொம்பவும் கலக்கிவிட்டது. டவுன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்தவனை, மூத்த குருவானவர் திடீரென்று காலமானதும், ஒரே வாரத்தில் மூட்டை கட்டவைத்து, ஆற்றின் மேலே அவர் இருந்த இடத்துக்கு மிஷன் அனுப்பிவிட்டது என்றும், அவர் படுத்த கட்டிலில் படுக்கிறேன், அவர் குடையைப் பிடிக்கிறேன், ஜனங்கள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் அவரைத் தேடுகிறார்கள், நான் சொல்கிற ஒரு வார்த்தைகூட அவர்களுக்குப் புரியவில்லை, இரவும் பகலும் வீட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதை வாசித்த அன்றைக்கே அப்பா, திரும்பி வரச்சொல்லி எழுதட்டுமா என்று கேட்டார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை பழகிக்கொள்வான் என்றேன்.

மார்ச் பிறந்து கொஞ்ச நாளில் அப்பா உப்பு வாங்கக் கனி பாய் கடைக்குப் போயிருக்கிறார். பாய் தராசைக் கீழே வைத்துவிட்டு, "என்ன அண்ணே, தம்பி வந்திருக்காக, ஒரு வார்த்தை சொல்லலியே. இப்பத்தான் கடை முன்னால போனாக. நான் கூப்புடுறேன், திரும்பியே பாக்கல. சட்டையெல்லாம் நனைஞ்சு ஒட்டிக் கெடக்கு, கடல்ல விழுந்தாகளா என்ன" என்று கேட்டிருக்கிறார். அப்பா சிரித்துக்கொண்டே, அவன் சரவாக்கில் இருக்கிறான் பாய், கண்ணாடியை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து எங்களிடமும் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் மழை பார்த்து மாதக்கணக்கான ஊரில் ஒருவன் நனைந்துபோய் நடந்தான் என்பது மட்டும் என் மனதில் முள் மாதிரி நின்றது.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நிருபமா மாசி வேலி ஓரமாக வந்து நின்றாள். உனக்குத் தெரியுமே, பெங்காலில் இருந்து குடியேறி வந்தவள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அன்றைக்கு மெதுவாக, "தீதி, பேட்டா ஆயா கியா?" என்று கேட்டாள். அக்கா, பையன் வந்தானா என்கிறாள். வரவில்லையே என்றேன். நம் ரோட்டுக் கல்வெர்ட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் நீ நின்றதை அவள் பார்த்தாளாம். வீட்டுப் பக்கம் போகிற ரோடு எது என்று தெரியாதவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாயாம். அபர்தீனிலிருந்து கல்வெர்ட்டுக்கு வந்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன், ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. மாசி வேலி வழியாக என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "உஸே அந்தர் மத் புலானா, தீதி" என்றாள். உள்ளே மட்டும் கூப்பிட்டுவிடாதே என்கிறாள். அவளுடைய பழைய ஊரில், டவுன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த அவள் கொழுந்தனார் ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்றாராம், அவருடைய அம்மா அழுதுகொண்டே பலகை போட்டு உட்காரவைத்துச் சோறு போட்டாளாம். சாப்பிட்டு முடிக்கும்போது பலகையில் ஆள் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தவர் பிறகு கண் திறக்கவே இல்லை.

நம் சபை ஐயரவர்களிடம் போய்ச் சொன்னேன். பிள்ளை ஏக்கம் அம்மா, ஜெபம் பண்ணுங்கள் என்றார். ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை, காது மட்டும் ரோட்டுப் பக்கமே இருந்தது. அதற்குள் அப்பாவும் மாறிவிட்டார். ஒரு சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றாமலே அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், அவர் அடுப்படிக்கு வருகிற ஆள் இல்லையே. நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பஸ் ஸ்டாப்பிலிருந்து வரும்போது உனக்குப் பின்னாலேயே நடந்து வந்தாராம். அந்த நடையை, வலது காலைக் கொஞ்சம் வெளியே வீசி வைக்கிற நடையை, எனக்குத் தெரியாதா செல்லம் என்றார். எட்டி நடந்தாலும் அந்த இடைவெளி குறையவில்லை, நின்றால் அதுவும் நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாராம், முகத்தைத் திருப்பிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து வாயை மூடிக்கொண்டாராம். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன் என்று சொல்லி அழுதார்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. அப்பா மில்லில், ஜெயமணி பள்ளிக்கூடத்தில். நான் முன்வாசல் படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் சத்தம் அடங்கின. நிமிர்ந்தால் மூங்கில் படலுக்கு அந்தப் பக்கம் நீ நிற்கிறாய் ஐயா. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சொட்டுகிற தண்ணீர் தரையில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்தப் படலின் கொண்டியை நீதான் செய்தாய், நினைவிருக்கிறதா, அதைத் திறக்கத் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டே நிற்கிறாய். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த கதவைத்தான் பார்த்தாய். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, ஒரு வாய் ஊட்டினால் என்ன ஆகிவிடும் என்று மனது கெஞ்சியது. எப்படி எழுந்தேனோ தெரியாது. வாசலில் நின்று இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, "ராசா, உள்ள வராதே. உனக்கு இங்க உலை வைக்கல, பாயும் போடல. உன் உடம்பு அங்க தனியாக் கெடக்குது, அதுகிட்டப் போ. போய்யா, உன் வேலை முடியல" என்று சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சின்ன வயதில் திருவிழாவில் பொம்மை வாங்கித் தரமாட்டேன் என்றால் உன் உதடு ஒரு பக்கமாகப் பிதுங்குமே, அதே மாதிரி பிதுங்கிற்று. அதற்கு மேல் பார்த்தால் திறந்துவிடுவேன் என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டு, முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முன்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டாய் என்று மூச்சு விட்டேன். அப்புறம் பின்வாசல் பக்கம் ஈரக் காலை வைக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கதவை நகத்தால் சுரண்டிக்கொண்டு, "அம்மா, கால் சுடுது, தூக்கும்மா" என்றது. உனக்கு மூன்று வயதிருக்கும்போது, ஸ்ரீவைகுண்டத்தில் சித்திரை வெயிலில் ஆற்று மணலைத் தாண்டி வேதக்கோவிலுக்குப் போகையில் நீ சொல்வாயே, அதே வார்த்தை, அதே மழலை. ஜெயமணிகூடப் பிறக்காத காலம் அது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அது அழுதது. கெஞ்சியது. நான் திறக்கவில்லை. ஜெயமணி வந்து கதவைத் தட்டி, நான் அவளிடம் பத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் எழுந்தேன். அவள் பின்பக்கம் போய்விட்டு வந்து, படியெல்லாம் ஈரமா இருக்கே, கெணத்துல தண்ணியே இல்ல, யாரும்மா ஊத்துனது என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். ஆற்றுச் சேற்று வாசம் அடித்தது. இந்தத் தீவில் கடல் வாசம் உண்டு, கழிமுக வாசம் உண்டு, அந்த வாசம் கிடையாது.

அதற்குப் பிறகு உன் கடிதம் வருகிறவரை நான் பட்டதை எழுத முடியாது. உன்னைக் காப்பாற்றினேனா, விரட்டிக் கொன்றேனா என்று தெரியாமல் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தேன். தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டால் கக்கூசுக்குள் போய் ஒளிந்துகொள்வேன்.

உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வேடிக்கை என்று எழுதியிருந்தாய். காய்ச்சலில் கனவு கண்டேன், கடல் தாண்டி நடந்தே நம் வீட்டுக்கு வந்துவிட்டேன், நீ என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டாய், எனக்கு ஆத்திரமான ஆத்திரம், இனி இந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அப்படியே விறுவிறுவென்று ஜெட்டிக்கு நடந்துவிட்டேன், அந்தக் கோபத்திலேயே கண் விழித்தேன், விழித்ததும் பசித்தது, அந்த ஜனங்களிடம் அவர்கள் பேச்சிலேயே சோறு கேட்டேன், அன்றிலிருந்து எல்லாரும் என்னிடம் வந்து பேசுகிறார்கள், இங்கேயே தவணை முடிகிறவரை இருக்கப்போகிறேன், கனவில்கூட இப்படிச் செய்வாயா அம்மா என்று கேட்டிருந்தாய். செய்வேன் ஐயா. இன்னொரு தடவை வந்தாலும் செய்வேன். கனி பாய்கூட அன்று மத்தியானம் நீ கோபமாக ஜெட்டிப் பக்கம் போனதைப் பார்த்ததாக அப்பாவிடம் பிறகு சொன்னார்.

அதை வாசித்துவிட்டு வீடே சந்தோஷப்பட்டது, அப்பா முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். பாதி ஜெபத்தில்தான் ஜெயமணி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அண்ணன் முன்வாசல்லேர்ந்து நேரா ஜெட்டிக்குப் போய்ட்டேன்னுதானே எழுதியிருக்கு என்று கேட்டாள். அவள் கண் பின்வாசல் கதவுக்குப் போயிற்று. அப்பா எழுந்து போய், கையில் கிடைத்த பலகையை எல்லாம் எடுத்துப் பின்வாசலுக்குக் குறுக்கே ஆணி அடித்தார். இப்போது பாத்திரம் கழுவுவதும் முன்பக்கம்தான். மழை பிடித்துவிட்டதால் படி ஈரமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அந்த மட்டும் நிம்மதி.

உன் ஊழியத்தையும் உன்னைத் தாங்கிய ஜனங்களையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. லீவில் வரும்போது கப்பல் பெயரை முன்னாலேயே எழுது, அப்பா ஜெட்டிக்கு வந்து உன்னைத் தொட்டுப் பார்த்துக் கூட்டிக்கொண்டு வருவார். இந்தக் கடிதம் கிடைத்ததும் நன்றாக யோசித்து ஒரு வரி எழுதிப் போடு, நீ பின்வாசலுக்கும் வந்தாயா? வந்தேன், கால் சுடுகிறது என்று அழுதேன், நீ தூக்கவில்லை என்று எழுது ராசா. உன்னை இரண்டு தடவை விரட்டினேன் என்றாலும் பரவாயில்லை, அழுதுவிட்டுத் தூங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
செல்லம் ராஜமாணிக்கம்.