நல்லதுக்கா, கெட்டதுக்கா

செல்ல மகளுக்கு,

உன் கல்யாணத்தன்று வாசலுக்கு வந்த மலர்வளையத்தை அனுப்பியது நான்தான். சாபமாக அனுப்பவில்லை அம்மா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஊர்ப் பூக்கடைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "நல்லதுக்காங்க, கெட்டதுக்காங்க?" என்று கேட்டாள். மகள் கல்யாணம் என்றால், "அப்ப நீங்க போகலையா?" என்று அடுத்த கேள்வி வருமே என்று பயந்து, "வீட்டு விஷயம்மா" என்றேன்.

"புரியுதுங்க. என்ன நிறம்?"

உனக்குப் பிடிக்குமே என்று வெள்ளை என்றேன்.

"மனசத் தேத்திக்குங்க ஐயா" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வகுப்பில் பதில் சொல்லாமல் நிற்கும் பிள்ளைகளிடம், "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். நான் ஒரு சொல்லை விழுங்கியதற்கு நீ அழுதிருக்கிறாய். உன் அம்மா சொன்னாள். "பூ எதுக்குங்க? நாம போயிருந்தா போதாதா?" என்றும் கேட்டாள். அவளையும் போகவிடாமல் தடுத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வருகிறோம். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் விருப்பம். மாப்பிள்ளையிடம் மட்டும் முன்பே சொல்லி வை. அவரை மாப்பிள்ளை என்று இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன். நேரில் கூப்பிடும்போது நாக்குத் தடுமாறினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்.

உன் அப்பா